குணத்தின் மேல் பழி போடாதீர்கள்

ஸ்வீடன்காரன் பிறவியிலேயே இரக்கமுள்ளவன், ஜெர்மானியன் ஒழுங்குக்குப் பேர் போனவன், ஆங்கிலேயன் நியாயஸ்தன், அமெரிக்கனோ யார் தயவையும் எதிர்பாராத முரட்டு மனிதன். ஆகையினால்தான் ஒரு தேசத்தில் பிறப்பு முதல் இறப்பு வரை சர்க்கார் பக்கத்திலேயே நிற்கிறது. இன்னொரு தேசத்தில் ஆஸ்பத்திரிப் பில்லைப் பார்த்ததும் நோயாளிக்கு இரண்டாவது நோய் வந்துவிடுகிறது.

இப்படி ஒரு தத்துவம் நம்மிடையே வெகு காலமாக உலவி வருகிறது. படித்தவர்கள் சொல்கிறார்கள். வெளிநாடு போய் வந்தவர்கள் இன்னும் அழுத்தமாகச் சொல்கிறார்கள். சொல்லி முடித்துவிட்டுக் கடைசியில் ஒரு வாக்கியம் சேர்த்துக்கொள்கிறார்கள்: "நம்ம ஜனங்களுக்கு இதெல்லாம் லாயக்குப்படாது, சார்!" முன்னால் சொன்ன அத்தனையும் இந்த ஒரு வாக்கியத்துக்குப் போட்ட முன்னுரைதான் என்பது என் சந்தேகம்.

நான் பொருளாதாரம் முறையாகப் படித்தவன் அல்ல, கதை எழுதுகிறவன். ஆனால் குணம் என்ற சரக்கை வைத்துத்தான் இத்தனை வருஷமாகப் பிழைத்து வருகிறேன். அந்தச் சரக்கின் யோக்கியதை எனக்குத் தெரியும். ஒரு பாத்திரம் ஏன் இப்படிச் செய்தான் என்று வாசகர் கேட்கும்போது, "அவன் குணம் அப்படி" என்று பதில் சொல்கிற எழுத்தாளன் சோம்பேறி. அவன் எந்த வீட்டில் பிறந்தான், யாரிடம் கடன்பட்டான், யாருக்குப் பயந்தான், எந்த வேளையில் எந்தக் கதவு அவனுக்குத் திறந்தது என்று சொல்லத் தெரியாதவன்தான் குணத்தின் தலையில் பாரத்தைப் போடுவான். தனி மனிதனுக்கே போதாத இந்த விளக்கம், கோடிக்கணக்கான ஜனங்கள் உள்ள தேசங்களுக்கு எப்படிப் போதும்?

முதலில், "பணம் இருக்கிறது, கொடுக்கிறார்கள்" என்ற பேச்சை முடித்துவிடுவோம். தொழிலாளிக்கு நோய்க்கால இன்ஷூரன்ஸ் என்பதை 1883-இல் சட்டமாக்கிய ஜெர்மனி அன்று இங்கிலாந்தைவிட ஏழை தேசம். பிரஜைகள் அனைவரையும் சேர்த்து 1913-இல் முதியோர் பென்ஷன் சட்டம் இயற்றிய ஸ்வீடன், அதற்கு முந்தைய அறுபது வருஷங்களில் வயிற்றுப்பாட்டுக்காகத் தன் மக்களை லட்சக்கணக்கில் கப்பலேற்றி அனுப்பிய தேசம். அப்போதெல்லாம் உலகத்திலேயே வேகமாகச் செழித்துக்கொண்டிருந்த அமெரிக்கா, முதியோர் பென்ஷனுக்கு ஒரு தேசியச் சட்டம் செய்ய 1935 வரை காத்திருந்தது. ஆகவே பணப்பெட்டியின் கனத்துக்கும் இந்தக் காரியத்துக்கும் நேரான கணக்கு இல்லை.

அந்தக் கப்பலேறியவர்களைக் கொஞ்சம் பின்தொடர்ந்து போவோம். 1850-க்கும் 1930-க்கும் இடையில் ஸ்வீடனை விட்டு அமெரிக்கா போனவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். 1900-இல் ஸ்வீடனின் மொத்த ஜனத்தொகையே சுமார் 51 லட்சம்தான் என்பதை நினைவில் வையுங்கள். மின்னசோட்டா பிரதேசத்தில் அவர்களுடைய பேரன் பேத்திகள் இன்றும் இருக்கிறார்கள். அதே ரத்தம், அதே லூத்தரன் மாதாகோவில், அதே கடின உழைப்பு. அண்ணன் ஊரில் தங்கினான், தம்பி கப்பலேறினான். அண்ணனின் பேத்திக்குப் பிரசவத்துக்குப் பிறகு மாதக் கணக்கில் சம்பளத்தோடு விடுமுறை. தம்பியின் பேத்திக்கு அமெரிக்க தேசியச் சட்டம் தருவது, 1993-இல் வந்த, அதுவும் எல்லோருக்கும் பொருந்தாத, சம்பளமில்லாத 12 வார விடுமுறை. இரக்க குணம் அட்லாண்டிக் சமுத்திரத்தில் எந்த இடத்தில் தவறி விழுந்தது? யாராவது எனக்குச் சொல்லட்டும்.

சரி, குணம் இல்லையென்றால் வேறு எது? நான் பார்த்தவரையில் கேள்வி இதுதான்: யாருக்கு யாரிடம் பயம் இருந்தது, யார் யாரோடு பேரம் பேசினார்கள், பந்தியில் யாரை உட்கார வைத்தார்கள், யாரை வாசலில் நிறுத்தினார்கள்?

ஜெர்மனியை எடுத்துக்கொள்ளுங்கள். பிஸ்மார்க் 1878-இல் சோஷலிஸ்டுகளை ஒடுக்கச் சட்டம் கொண்டுவந்தார். அடித்தும் அவர்கள் அடங்கவில்லை. ஒரு கையில் பிரம்பு, மறு கையில் வெல்லம் என்று 1883-இல் நோய்க்கு, 1884-இல் விபத்துக்கு, 1889-இல் முதுமைக்கும் உடல் முடியாமைக்கும் என்று மூன்று இன்ஷூரன்ஸ் சட்டங்களைச் செய்தார். தொழிலாளியைச் சோஷலிஸ்டிடமிருந்து பிரித்து ராஜ்யத்தோடு கட்டிப்போடுவதே நோக்கம். முதுமைப் பென்ஷன் வயது 70! அந்த வயதைக் காணத் தொழிலாளி ஆயுசு கெட்டியாக இருக்க வேண்டும். பிறகு 1911-இல் குமாஸ்தாக்கள், "எங்களையும் ஆலைத் தொழிலாளியையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்" என்று தங்களுக்குத் தனிச் சட்டம் வாங்கிக்கொண்டார்கள். பந்தி பலவாகப் பிரிந்தது. அவரவர் சந்தாவுக்குத் தக்க இலை. ஆனால் எல்லோருக்கும் ஏதோ ஒரு பந்தியில் இடம் இருந்தது. இரண்டு யுத்தம், நாணயம் காகிதமாய்ப் போன பணவீக்கம், ஹிட்லர் ஆட்சி, தேசப் பிரிவினை இத்தனைக்கும் பிறகும் அந்த அமைப்பின் அஸ்திவாரம் நிற்கிறது. காரணம், சந்தா கட்டியவன் தன் உரிமையை விடமாட்டான்.

இங்கிலாந்தின் கதை வேறு. அங்கே ஏழைகளுக்கான சட்டம் எலிசபெத் ராணி காலத்திலிருந்து உண்டு. 1834-இல் அதைத் திருத்தினார்கள். உதவி வேண்டுமா, ஏழை விடுதிக்குள் வா என்றார்கள். வெளியே கூலி வேலை செய்யும் மிகக் கீழான மனிதனின் வாழ்வைவிட உள்ளே இருப்பவனின் வாழ்வு மோசமாக இருக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் கொள்கை. புருஷனை ஒரு கூடத்திலும் மனைவியை ஒரு கூடத்திலும் அடைத்தார்கள். நியாயஸ்தர்கள் என்று நாம் புகழ்கிறோமே, அதே ஆங்கிலேயர்கள்தான்! 1908-இல் 70 வயதானவர்களுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் பென்ஷன் என்று சட்டம் வந்தபோதும், வழக்கமாக வேலை செய்யாமல் இருந்தவனுக்குக் கிடையாது என்று ஒரு நிபந்தனை வைத்தார்கள். குணம் பார்த்துத்தான் கொடுத்தார்கள்.

இந்த ஜனங்களை மாற்றியது எது? யுத்தம். வானத்திலிருந்து விழுந்த குண்டு பிரபுவின் மாளிகை, பாட்டாளியின் சந்து என்று பேதம் பார்க்கவில்லை. 1942 டிசம்பரில் பெவரிட்ஜ் அறிக்கை வெளியானது. சர்க்கார் அறிக்கையை யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா? வரிசையில் நின்று லட்சக்கணக்கில் வாங்கினார்கள். 1948 ஜூலை 5-ஆம் தேதி தேசிய சுகாதார சேவை தொடங்கியது. டாக்டர்கள் சங்கத்தின் எதிர்ப்பை அனூரின் பெவன் போராடியும் பேரம் பேசியும் அடக்கினார். ஆறே வருஷத்தில் ஒரு ஜாதியின் குணமா மாறியது? பந்தியின் ஏற்பாடு மாறியது, அவ்வளவுதான்.

இப்போது இரக்கத்தின் இருப்பிடம் என்று பேர் வாங்கிய ஸ்வீடன். 1913-இல் ஏன் எல்லோரையும் சேர்த்துப் பென்ஷன் சட்டம் செய்தார்கள்? பார்லிமென்டில் குடியானவர்களுக்குப் பலம் இருந்தது. "ஆலைத் தொழிலாளிக்குப் பென்ஷன், வரி மட்டும் எங்கள் தலையிலா?" என்று அவர்கள் கேட்டார்கள். தங்களுக்கும் பங்கு வந்தால்தான் கை தூக்குவோம் என்றார்கள். உலகம் மெச்சும் அந்தத் தாராளத்துக்கு விதை போட்டது குடியானவனின் சிக்கனப் புத்தி! 1933-இல் ஊரெல்லாம் வேலையில்லாத் திண்டாட்டம். சோஷல் டெமாக்ரட்டுகள் குடியானவர் கட்சியோடு பேரம் பேசினார்கள். விவசாய விளைபொருளுக்கு விலை ஆதரவு. பதிலுக்கு வேலையற்றவனுக்கு வேலை. அந்த ஊர்க்காரர்களே அதை "மாட்டு வியாபாரம்" என்றுதான் அழைத்தார்கள். யாரும் அதைத் தர்மம் என்று அழைக்கவில்லை. பக்கத்து டென்மார்க்கில் அதே மாதிரி ஓர் உடன்படிக்கை பிரதமர் ஸ்டௌனிங்கின் வீட்டில் வைத்து முடிவானது 1933 ஜனவரி 30-ஆம் தேதி. அதே தேதியில் பெர்லினில் ஹிட்லர் பிரதமர் பதவி ஏற்றான். அடுத்தடுத்த இரண்டு தேசம், ஒரே விதமான கஷ்டம். ஓரிடத்தில் குடியானவனும் தொழிலாளியும் கைகோத்தார்கள், இன்னோரிடத்தில் கோக்கவில்லை. விளைவை உலகம் அறியும்.

அதற்குப் பிறகாவது ஸ்வீடனில் எல்லாம் சுமுகமாக நடந்ததா? சம்பளத்துக்குத் தக்க இரண்டாவது பென்ஷன் என்ற திட்டத்துக்காக 1957-இல் ஜன வாக்கெடுப்பு, 1958-இல் திடீர்த் தேர்தல். கடைசியில் 1959-இல் 115-க்கு 114 என்று ஒரே ஓட்டு வித்தியாசத்தில் சட்டம் நிறைவேறியது. எதிர்க்கட்சியைச் சேர்ந்த துரே ஷோனிக்சன் என்ற ஓர் அங்கத்தினர் ஓட்டுப் போடாமல் இருந்ததால் வந்த ஒரு ஓட்டு! பிறவிக் குணம் என்கிறீர்களே, அது 114 பேரிடம் ஏன் இல்லாமல் போயிற்று? இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே இரக்கமுள்ள ஸ்வீடன் 1934-இல் சட்டம் செய்து, 1975 வரை சுமார் 63,000 பேருக்குக் கருத்தடை அறுவை செய்தது. அவர்களில் பலர் வற்புறுத்தலுக்கு ஆளானவர்கள், பெரும்பாலோர் பெண்கள். பந்தியில் உட்கார வைத்த கைதான் இதையும் செய்தது. குணத்தைப் புகழ்கிறவர்கள் இந்தக் கணக்கையும் எந்தக் குணத்தின் கீழ் எழுதுவது என்று சொல்ல வேண்டும்.

அமெரிக்காவுக்கு வருவோம். என் வாதத்துக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. 1935-இல் ரூஸ்வெல்ட் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலைக்காரர்களையும் முதியோர் பென்ஷனிலிருந்து நீக்கி வைத்தார்கள். தென்பகுதி மாகாணங்களில் கறுப்பு மக்களில் பெரும்பாலோர் செய்த வேலை இவ்விரண்டும்தான். நிர்வாகச் சிரமத்துக்காக நீக்கினார்களா, நிறத்துக்காக நீக்கினார்களா என்று சரித்திரக்காரர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். வாதாடட்டும். வாசலில் நிறுத்தப்பட்டவன் யார் என்பதில் வாதமே இல்லை. 1950-இலும் 1954-இலும் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் அவர்களில் பெரும்பாலோர் உள்ளே வந்தார்கள்.

வைத்தியம் என்ன ஆயிற்று? யுத்தகாலத்தில், 1942-இல், சர்க்கார் சம்பள உயர்வைத் தடுத்து நிறுத்தியது. கம்பெனிகள் ஆள் பிடிக்க வேண்டுமே! சம்பளத்துக்குப் பதில் ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸ் கொடுத்தார்கள். பின்னால் அதற்கு வரிவிலக்கும் கிடைத்தது. நல்ல வேலையில் இருந்தவனுக்கு வைத்தியம் கம்பெனி மூலம் வந்துவிட்டது. 1945-இல் ட்ரூமன், தேசம் முழுவதற்கும் இன்ஷூரன்ஸ் என்று யோசனை சொன்னபோது, மருத்துவர் சங்கம் "சோஷலிச வைத்தியம்" என்று கூக்குரல் எழுப்பிப் பணத்தை வாரி இறைத்துப் பிரசாரம் செய்தது. கம்பெனி உத்தியோகஸ்தன் எதிர்த்துக் குரல் கொடுக்கவில்லை. அவன் வயிறு நிறைந்திருந்தது. 1965-இல் முதியவர்களுக்கும் ஏழைகளுக்கும் மட்டும் ஒரு வழி பிறந்தது. நடுவில் உள்ளவன் இன்றும் வேலை போனால் வைத்தியமும் போய்விடுமோ என்று நடுங்குகிறான்.

1971-ஐப் பாருங்கள். அந்த வருஷம் ஸ்வீடனில் புருஷன் மனைவி இருவருக்கும் தனித்தனியே வரி விதிக்கும் முறை வந்தது. மனைவி வேலைக்குப் போவது குடும்பத்துக்கு லாபமாயிற்று. 1974-இல் தகப்பனும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள சம்பளத்தோடு விடுமுறை எடுக்கலாம் என்றார்கள். ஆலைகளுக்கு ஆள் பற்றாக்குறை, பெண்கள் தேவைப்பட்டார்கள். அதே 1971-இல் அமெரிக்கக் காங்கிரஸின் இரு சபைகளும் தேசம் முழுவதும் குழந்தைக் காப்பகங்கள் அமைக்க மசோதா நிறைவேற்றின. நிக்ஸன் அதை நிராகரித்துத் திருப்பி அனுப்பினார். "அமெரிக்கன் சர்க்கார் உதவியை விரும்பமாட்டான்" என்கிறவர்களைக் கேட்கிறேன்: அந்த மசோதாவுக்குக் கை தூக்கிய அங்கத்தினர்கள் எந்தத் தேசத்துக்காரர்கள்?

இதற்கெல்லாம் மேலாக ஒன்று. முதியோர் பென்ஷனுக்குத் தொழிலாளி தன் சம்பளத்திலிருந்து சந்தா கட்டினால், பின்னால் வரும் எந்த அரசியல்வாதியும் அதில் கைவைக்க முடியாது என்று ரூஸ்வெல்ட் கணக்குப் போட்டார். கணக்குத் தப்பவில்லை. 2005-இல் ஜார்ஜ் புஷ் அதன் ஒரு பகுதியைத் தனியார் கணக்குகளாக்கப் பார்த்தார், முடியாமல் கைவிட்டார். ஆனால் அதே 1935 சட்டத்தில் பிறந்த இன்னொரு குழந்தை உண்டு: ஆதரவற்ற குழந்தைகளின் தாய்மார்களுக்கான உதவி. அதை 1996-இல் கிளிண்டன் காலத்தில் எடுத்துவிட்டு, ஐந்து வருஷ வரம்போடு வேறொன்றை வைத்தார்கள். அதற்கு தேசிய சர்க்கார் மாகாணங்களுக்குக் கொடுப்பது வருஷத்துக்கு ஏறத்தாழ 1,650 கோடி டாலர். விலைவாசி அதற்குப் பிறகு ஏறத்தாழ இரட்டிப்பாகியும், அந்தத் தொகை அப்படியே நின்றுவிட்டது. யாரும் தெருவில் இறங்கவில்லை.

ஒரே தேசம், ஒரே சட்டம், ஒரே ஜனங்கள். ஒன்றைத் தொட யாருக்கும் துணிவில்லை. இன்னொன்றைக் கலைத்தபோது கேட்பாரில்லை. வித்தியாசம் எங்கே இருக்கிறது?

கல்யாண வீட்டுக்குப் போய் வாருங்கள், புரியும். பந்தியில் உட்கார்ந்தவனும் சாப்பிடுகிறான். பந்தி முடிந்த பின் கொல்லைப்புறத்தில் பாத்திரத்தோடு நிற்கிறவனும் சாப்பிடுகிறான். பந்தியில் சாம்பாருக்கு உப்புக் குறைந்தால் சம்பந்தி வீட்டார் எழுந்து நின்று கேட்பார்கள்; சமையற்காரர் ஓடி வருவார். கொல்லைப்புறத்தில் ஊசிப்போனதைப் போட்டாலும் கேட்க நாதியில்லை. "கொடுத்ததே பெரிசு" என்பார்கள். ஏழைக்கு மட்டும் என்று ஒதுக்கிய காரியம் எந்தத் தேசத்திலும் இந்தக் கொல்லைப்புறத்துச் சோறாகத்தான் முடிகிறது. நடுத்தர வர்க்கத்தவன் தானும் இலை போட்டு உட்கார்ந்த காரியம்தான் தரமாக நிலைத்திருக்கிறது.

எதிர்வாதம் எனக்குத் தெரியாமலில்லை. "ஸ்வீடன் ஒரே இனத்து ஜனங்கள், கலப்பு ஜனங்கள் உள்ள தேசத்தில் இது நடக்காது" என்பார்கள். இதில் கொஞ்சம் உண்மை உண்டு. அலெசினா, கிளேசர் என்ற இரண்டு ஹார்வர்டு பொருளாதார நிபுணர்கள் 2004-இல் எழுதிய புத்தகத்தில், ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் உள்ள வித்தியாசத்தில் ஏறத்தாழ பாதிக்கு நிற பேதமும் மறுபாதிக்கு அரசியல் அமைப்பும் காரணம் என்று கணக்கிட்டார்கள். ஆனால் நிற பேதம் தானாகச் சட்டம் எழுதுவதில்லை. தென்பகுதிப் பிரமுகர்கள் காங்கிரஸ் கமிட்டிகளில் உட்கார்ந்து எழுதினார்கள். ஒரே நிறத்து ஆங்கிலேயர்கள்தான் நூறு வருஷம் ஏழை விடுதி நடத்தினார்கள் என்பதையும் மறக்கக்கூடாது.

"இப்படிக் கொடுத்தால் ஜனங்கள் சோம்பேறிகளாகிவிடுவார்கள்" என்பது அடுத்தது. வேலை செய்யும் வயதில் உள்ளவர்களில் வேலையில் இருப்பவர்களின் விகிதம் அமெரிக்காவைவிட ஸ்வீடனில்தான் அதிகம். "பணம் எங்கிருந்து வரும்?" என்பது மூன்றாவது. அமெரிக்கா வைத்தியத்துக்கு மட்டும் தன் தேச வருமானத்தில் ஏறத்தாழ 17 சதவீதம் செலவிடுகிறது. ஸ்வீடனும் ஜெர்மனியும் அதைவிட எவ்வளவோ குறைவாகச் செலவிட்டு அமெரிக்கர்களைவிட நீண்ட ஆயுளோடு வாழ்கின்றன. ஆக, அமெரிக்கனும் கொடுக்கத்தான் செய்கிறான். சர்க்காருக்கு வரியாகக் கொடுக்காமல் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குக் கொடுக்கிறான்.

ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். பந்திச் சோறு இலவசம் அல்ல. பணக்காரனிடம் பிடுங்கி ஏழைக்குப் போடுகிறார்கள் என்று ஸ்வீடனைப் பற்றி நினைப்பவர்கள் அங்கே கடையில் ஒரு சட்டை வாங்கிப் பார்க்கட்டும். பெரும்பாலான சாமான்களின் மேல் 25 சதவீத விற்பனை வரி, ஏழையும் கட்டுகிறான். எல்லோரும் கொடுக்கிறார்கள், ஆகவே எல்லோரும் கேட்கிறார்கள். கேட்பதற்கு வெட்கம் இல்லாததால் கொடுப்பதற்கும் முணுமுணுப்புக் குறைகிறது. நம்பிக்கை முதலில் இருந்து பந்தி பிறகு வந்ததாகப் பலரும் நினைக்கிறார்கள். நான் நினைப்பது, ஒரே பந்தியில் பல வருஷம் உட்கார்ந்ததால் நம்பிக்கை வளர்ந்தது என்பதே. 114 பேர் எதிர்த்த அந்தச் சட்டத்தை, பின்னால் ஆட்சிக்கு வந்த எதிர்க்கட்சிகளும் 1976-இல் காப்பாற்றித்தான் நடத்தின. தொண்ணூறுகளின் நெருக்கடியில் பென்ஷன் முறையை மாற்றியபோதும் கட்சிகள் கூடிப் பேசி மாற்றினார்களே தவிர, பந்தியைக் கலைக்கவில்லை.

ஆகவே, "நம்ம ஜனங்களுக்கு லாயக்குப்படாது" என்று சொல்லும் அன்பருக்கு நான் வைக்கும் வேண்டுகோள் இதுதான். ஐயா, அந்த வாக்கியத்தை 1834-இல் ஆங்கிலேயக் கனவான்கள் தங்கள் சொந்த ஏழைகளைப் பற்றிச் சொன்னார்கள். 1930-களில் அமெரிக்கத் தென்பகுதிப் பிரமுகர்கள் தங்கள் வயலில் உழைத்தவர்களைப் பற்றிச் சொன்னார்கள். எந்தத் தேசத்திலும், எந்தக் காலத்திலும், தனக்கு இலை போட்டாகிவிட்டது என்று நிச்சயமாகத் தெரிந்தவர்தான் அதைச் சொல்லியிருக்கிறார். ஜனங்களின் குணத்தைப் பரீட்சை செய்வதை விட்டுவிட்டு, நமக்கும் அவர்களுக்கும் ஒரே பந்தி என்றால் நாம் வந்து உட்காருவோமா என்று நம்மையே கேட்டுக்கொள்வோம். ஸ்வீடனிலும் இங்கிலாந்திலும் காரியம் நடந்தது, அந்தக் கேள்விக்கு நடுத்தர வர்க்கத்தார் "சரி" என்று சொன்ன பிறகுதான்.